பலகைக்குக் கீழே காலியிடம்

தராசுக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. அது பிறவிக் குணமா, முப்பத்தோரு வருடத் தொழில் ஏற்றிவிட்ட குணமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கடை கடையாகப் போய் எடை இயந்திரங்களைச் சோதித்து, பழுது பார்த்து, முத்திரை வைப்பது அவர் வேலை. இயந்திரம் ஒரு கிலோ என்று காட்டினால் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருகிற ஆள் இல்லை. மரப்பெட்டியைத் திறந்து, வெல்வெட் துணிக்குள் கிடக்கும் பித்தளை எடைக்கல்லைக் கையுறை போட்டு எடுத்து, தட்டின் நடுவில் ஒருமுறையும் நாலு மூலையிலும் ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்ப்பார். மூன்று மூலையில் சரியாக நின்று நாலாவது மூலையில் இரண்டு கிராம் ஏமாற்றும் இயந்திரங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மனிதர்களிலும் அப்படி உண்டு என்பார். அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்றே பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

ஆள் கறார் என்றாலும் கெட்டவர் இல்லை. மனைவி படுத்த படுக்கையாக இருந்த பதினோரு மாதமும் வேலைக்குப் போய்க்கொண்டே அவளைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்தவர் அவர்தான். ஒரே மகள் ஊரின் மறுகோடியில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தாள். சனி, ஞாயிறு வந்து உதவுவாள். மனைவி போன பிறகும் மகள் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல் மேடையும் உள்ள வீடு. வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் குழாய்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காது.

சத்தம் போடாமல் ஒன்று மட்டும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. மனைவிக்காகக் கணினியில் சக்கர நாற்காலி பார்த்திருந்தார், படுக்கைப் புண் வராத மெத்தை பார்த்திருந்தார், முடி கொட்டிய தலைக்குத் துணித் தொப்பி பார்த்திருந்தார். அவள் போய் ஒரு வருடம் கழித்தும், செய்தி படிக்கப் போனால் ஓரத்தில் நாற்காலி வந்து நின்றது. வானிலை பார்க்கப் போனால் மெத்தை வந்து விரிந்தது. பார்த்த மாத்திரத்தில் மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மகள் பார்த்த வேலையே அதுதான். யார் எந்த விளம்பரத்தின் முன்னால் எத்தனை நொடி நின்றார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று கணக்கெடுத்துக் கொடுக்கும் நிறுவனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வெடித்தது. அன்று காலையில் நல்லபடியாகத்தான் இருந்தார்கள். மகள் அவருடைய கணினியில் சதுரங்கம் ஆடும் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தாள். ஒரு காயை நகர்த்த ஐந்து நாள் அவகாசம் உண்டு, அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். "வாரத்துல ஒரு நாள் வந்தா பத்தலப்பா. நடுவுல இதுல ஆடிக்கலாம்," என்றாள். சின்ன வயதில் அவளுக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒரே மேஜையில் உட்கார்ந்து, அவர் கணினியிலும் அவள் போனிலுமாக ஆளுக்கு இரண்டு காய் நகர்த்திப் பார்த்தார்கள். பக்கத்தைச் சுற்றிலும் என்னென்னவோ பெட்டிகள் இருந்தன. தராசு பலகையை மட்டும் பார்த்தார்.

மத்தியானம் செய்தி பார்க்கலாம் என்று திறந்தார். 'உங்கள் அன்பு மனைவிக்கு ஏற்ற சக்கர நாற்காலி' என்று முகத்தில் அடித்த மாதிரி வந்து நின்றது.

"பாத்தியா? செத்து ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் அவளுக்கு நாற்காலி விக்கிறான். உன் ஆபீஸ்ல இதுக்குத்தானே சம்பளம் குடுக்கிறாங்க?"

"அது மிஷின்பா. அம்மா போனது அதுக்குத் தெரியாது."

"நான் எந்த மெத்தைய எவ்வளவு நேரம் பாத்தேன்னு தெரியுது. அவ போனது மட்டும் தெரியாதா?"

"அம்மா உங்களுக்கு மட்டும் போகலப்பா. எனக்கும்தான் போனாங்க."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "ஊரான் பின்னாடியே போய் நோட்டம் பாக்கிற பொழப்பு. இனிமே என் பின்னாடி யாரும் வர வேண்டாம். உன் கம்பெனியும் வேண்டாம், நீயும் வேண்டாம்," என்று கொட்டிவிட்டார்.

மகள் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே தராசு கணினி முன் உட்கார்ந்தார். வேவு பார்ப்பவர்களிடமிருந்து தப்பிக்க பிரவுசரில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று எவரோ புண்ணியவான் ஒரு நீளப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று மாற்றங்கள். வெளியாள் குக்கியைத் தடு, வேறு இடத்திலிருந்து வரும் நிரலைத் தடு, இருக்கும் ஊரை மறை, கடிகாரத்தை மறை, மூடும்போது எல்லாவற்றையும் அழி. இதற்கெல்லாம் மேலே, விளம்பரங்களைத் தடுக்கும் கவசம் என்று பிரவுசரில் ஒரு இணைப்பு வேறு. பட்டியலின் அடியில், 'இதனால் சில தளங்கள் சரியாக இயங்காமல் போகலாம்' என்று எழுதியிருந்தது. போனால் போகட்டும் என்று தராசு ஒன்று விடாமல் நாற்பத்து மூன்றையும் செய்து முடித்தார்.

நாற்காலியும் மெத்தையும் மறுநாளே ஒழிந்தன. கூடவே வேறு சிலதும் ஒழிந்தன. மின்கட்டணப் பக்கம் அவரை அடையாளம் தெரியாது என்றது. நூலகப் பக்கம், நீங்கள் மனிதர்தானா என்று கேட்டுப் படிக்கட்டுப் படங்களைப் பொறுக்கச் சொன்னது. பொறுக்கினால் பாலம், பாலத்தைப் பொறுக்கினால் பேருந்து, கடைசியில் மறுபடியும் படிக்கட்டு. பல் டாக்டரிடம் கணினியில் நேரம் பதிந்துவிட்டுப் போனால் கதவே திறக்கவில்லை, இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பிரவுசர் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவர் வேறு ஏதோ தேசத்தில் இருப்பதாகப் புளுகியிருக்கிறது. அந்த ஐந்து மணி நேரமும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோபம் வரவில்லை. எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு கெத்து. வீட்டில் போய் உட்கார்ந்தாலும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம் என்பதும் அவருக்குத் தெரியும்.

சதுரங்கப் பக்கம் மட்டும் நல்ல வேளையாகப் பழுதில்லாமல் ஓடியது. பிரவுசர் தினமும் எல்லாவற்றையும் மறந்துவிடுவதால் தினமும் பாஸ்வேர்டு போட்டுத்தான் நுழைய வேண்டும், அவ்வளவுதான். பலகை தெரிந்தது, காய் நகர்ந்தது, மகளும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் அவள் பேருக்கு அருகே பச்சைப் புள்ளி எரிந்தது. பலகைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் காலியிடம். அதன் ஓரத்தில் 'தடுக்கப்பட்டது' என்று கவசம் காட்டும். அங்கே ஏதோ விளம்பரம் இருந்திருக்கிறது, நம் கவசம் அதைத் தின்றுவிட்டது என்று தராசுக்குப் பரம திருப்தி.

சண்டைக்குப் பிறகு அவள் ஆடமாட்டாள் என்றுதான் நினைத்தார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் ஒரு சிப்பாய் முன்னால் வந்து நின்றது. அவருக்கு ஒரு நிமிடம் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே வீம்பும் வந்துவிட்டது. ஆட வந்தவளுக்கு அப்பா என்று ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லையா? சின்னவள் அவள்தான், அவளே முதலில் பேசட்டும். அவள் ஒரு வார்த்தை பேசினால் தான் பத்து வார்த்தை பேசிவிடுவது என்று முடிவு கட்டி வைத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏழு மாதம் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவில்லை. போனில் அவள் எண்ணை எடுத்துப் பார்ப்பார், பார்த்துவிட்டு வைத்துவிடுவார். வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பலகையைத் திறப்பார். நகர்ந்திருந்தால் அன்று இரண்டு கவளம் கூட இறங்கும். நகராவிட்டால் பாத்திரத்தை அப்படியே மூடி வைப்பார். இரண்டு ஆட்டம் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. பழைய ஆட்டங்கள் இரண்டிலும் அவர்தான் தோற்றார். ஒன்றில், இலவசமாகக் கிடக்கிறதே என்று ஒரு குதிரையை வெட்டி ராணியைப் பறிகொடுத்தார். தோற்றதும் அவளே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்தாள், ஒரு வார்த்தை பேசாமல்.

அந்த ஏழு மாதத்தில் ஒரு வியாழக்கிழமைதான் நல்ல சாயங்காலம். ஆறு மணி சுமாருக்குத் திறந்தார், பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர் ஒன்று நகர்த்தியதும் உடனே அவளும் நகர்த்தினாள். எதிரும் புதிருமாக ஒரே மேஜையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவளுடைய யானை ஒன்று வாகாக மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு சொடுக்கில் வெட்டியிருக்கலாம், ஆனால் வெட்டிவிட்டால் அவள் எழுந்து போய்விடுவாள். அதனால் தராசு வேண்டுமென்றே தாமதம் செய்தார். போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார், புள்ளி எரிந்தது. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார், இன்னும் எரிந்தது. மகள் தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கவே இதமாக இருந்தது. காபி ஆறும்வரை அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, பாவம் எவ்வளவு நேரம்தான் காக்க வைப்பது என்று யானையை வெட்டினார். சற்று நேரத்தில் புள்ளி அணைந்தது.

அதற்குப் பிறகு அவள் காயை நகர்த்தவே இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நாள் ஓடியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திறந்தபோது, 'எதிராளியின் அவகாசம் முடிந்தது. நீங்கள் வென்றீர்கள்' என்று எழுதியிருந்தது. ஏழு மாதத்தில் அவர் ஜெயித்த முதல் ஆட்டம். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா? இல்லை, ஒரேயடியாக முடித்துக்கொண்டுவிட்டாளா? எதுவானாலும், இருந்த ஒரு பிடியும் போயிற்று. போனை எடுத்தார். 'நீயும் வேண்டாம்' என்று சொன்ன வாயால் என்னவென்று கேட்பது? வைத்துவிட்டார்.

புரண்டு புரண்டு படுத்துவிட்டு எழுந்தபோது வேறொன்று உறைத்தது. பல் டாக்டரிடம் ஐந்து மணி நேரம் பொய் சொன்ன பிரவுசர்தானே இது? சதுரங்கப் பக்கத்தில் மட்டும் அது உண்மை பேசுகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? ஊர் இயந்திரங்களையெல்லாம் நாலு மூலையிலும் கல் வைத்துப் பார்த்தவர், தன் வீட்டுக் கணினியை ஒரு மூலையில்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் முதல் ஆளாக அலுவலகத்துக்குப் போனார். உதிரிபாகங்களைக் காவல் காக்கும் ஸ்டோர்க்காரம்மாவிடம் ஒரு கணினி உண்டு, சான்றிதழ் அச்சிடுவதற்கு. அதில் கவசமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

"உங்க கம்ப்யூட்டர் ஒரு அஞ்சு நிமிஷம் வேணும்மா."

"இதுல கண்ட கண்ட விளம்பரமும் வந்து குதிக்கும்ண்ணே. உங்களுக்குத்தான் அது ஆகாதே," என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

பாஸ்வேர்டு விரலுக்கே பாடமாகியிருந்தது. பக்கம் திறந்தது. வலது பக்கம் செருப்பு விளம்பரம் ஒன்று மினுக்கியது. பலகைக்குக் கீழே, வீட்டில் சாம்பல் நிறமாக இருக்கும் இடத்தில், ஒரு பெட்டி நிறைய எழுத்து இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மகளின் சின்னப் படம்.

பெட்டி கடைசி வரியில் வந்து நின்றது. வியாழக்கிழமை, ஆறு ஐம்பத்திரண்டு.

'யானைய வெட்டிட்டீங்க. சரிப்பா. புரிஞ்சுது.'

அதற்கு மேலே, ஆறு முப்பத்தொன்று. 'உங்க பேர்கிட்ட பச்சை எரியுது. பாத்துட்டுதான் இருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏறி வந்துடுறேன்.'

அதற்கும் மேலே, ஆறு பன்னிரண்டு. 'அப்பா, கீழதான் நிக்கிறேன், தையல் கடை வாசல்ல. மேல வரட்டுமா?'

தராசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை. தையல் கடை அவர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. அவள் அங்கே நின்ற நாற்பது நிமிடமும் அவர் மேலே காபியை ஆற்றிக்கொண்டு பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்றாள் ஸ்டோர்க்காரம்மா.

அவர் ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு போனார். 'வெள்ளிக்கிழமை ஊரை விட்டே கிளம்புறேன்பா. வேற வேலை கிடைச்சிருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கணும்.' அதற்கு மேல், 'அந்த வேலைய விட்டுட்டேன். உங்களுக்காக இல்ல, எனக்கே பிடிக்கல.' அதற்கு மேல், 'குதிரைய எடுக்காதீங்க, ராணி போயிடும்னு எழுதியிருந்தேனே. எப்பத்தான் நான் சொல்றத கேப்பீங்க?' அதற்கு மேல், 'இன்னைக்கு அம்மா பொறந்த நாள். தனியா இருப்பீங்க. ஒரு போன் பண்ணட்டுமா?' ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு காயை நகர்த்தியிருந்தார். வார்த்தையால் ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை. மேலே இன்னும் எத்தனையோ இருந்தன. அதற்கு மேல் படிக்க முடியாமல் கண் மறைத்தது.

பெட்டியின் அடியில் எழுதும் இடத்தைத் தட்டினார். 'ஆட்டம் முடிந்துவிட்டது. இனிச் செய்தி அனுப்ப இயலாது' என்று வந்தது. அவர் போனை எடுத்தார். இந்த முறை கீழே வைக்கவில்லை.

ஐந்தாவது மணியில் எடுத்தாள். "சொல்லுங்க." அப்பா என்று சொல்லவில்லை.

"நான் எதையும் பாக்கலம்மா. நீ எழுதினது ஒண்ணுகூட எனக்குத் தெரியல. இப்பத்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாக்கிறேன்."

"ஏழு மாசமாவா?"

"என் கம்ப்யூட்டர்ல அந்த இடம் காலியா இருந்துச்சு. விளம்பரம்னு நினைச்சேன். நீ போன அன்னைக்கே பிரவுசர்ல நிறைய மாத்தி வச்சேன்."

அவள், பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கணினியைச் சரி செய்யும்போது கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். "வெளியாள் குக்கிய நிறுத்துனீங்களா?"

"ஆமா."

"வேற இடத்துல இருந்து வர்ற ஸ்கிரிப்ட?"

"நாப்பத்து மூணு இருந்துச்சும்மா. எல்லாத்தையும் செஞ்சேன்."

"அந்தப் பெட்டி வேற சர்வர்ல இருந்து வருதுப்பா. நீங்க போட்ட பூட்டு அத உள்ள விடாது." குரல் இறங்கியது. "எனக்குத் தோணியிருக்கணும். நாலு வருஷம் நான் பாத்த வேலையே அதுதான். நான், நீங்க வேணும்னே பதில் சொல்லலன்னு நினைச்சுட்டேன்."

"வியாழக்கிழமை நான் வேணும்னேதான்மா லேட் பண்ணேன். நகர்த்திட்டா நீ போயிடுவன்னு."

போன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மேல ஏறி வந்து மணி அடிச்சிருக்கலாம். எனக்குத்தான் தைரியம் வரல," என்றாள்.

"இப்ப வாம்மா."

"ரெண்டு நாள் பயணம்பா. சேந்து ஒரு வாரம்கூட ஆகல. மூணு மாசத்துக்கு லீவு தரமாட்டாங்க."

"சரி. பேசு, எதையாவது பேசு."

"என்னத்தப் பேசுறது? எல்லாத்தையும் அங்கயே சொல்லிட்டேன். திரும்ப மொதல்லருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லப்பா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏழு மாதம் பேசித் தீர்த்தவளிடம் இப்போது வந்து பேசு என்றால் என்ன பேசுவாள்? பதில் பாக்கி அவர் பக்கம்தான் இருந்தது.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் படிக்கிறேன். நீ லைன்ல மட்டும் இரு," என்றார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பெட்டியை மேலே தள்ளினார். தள்ளத் தள்ள மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு இடத்தில் அது நின்றது. முதல் வரி. சண்டை போட்ட அதே ஞாயிற்றுக்கிழமை, அன்று இரவு எட்டு மணி. அவள் அறைக்குப் போய்ச் சேர்ந்த உடனே எழுதியிருக்கிறாள்.

தராசு அதை உரக்கப் படித்தார். "வந்து சேந்துட்டேன்பா. கோவத்துல சாப்பிடாம படுத்துடாதீங்க."

ஸ்டோரில் யாரோ திருகாணிப் பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது.

"அன்னைக்குச் சாப்பிடலம்மா," என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அடுத்ததப் படிங்க," என்றாள்.